பழைய காருக்கு இரண்டாவது சாவி: கதவு திறந்தால் போதாது, வண்டி ஓட வேண்டும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பழைய காரைப் பார்த்து விலை பேசும்போது டயர், பாட்டரி, இன்ஜின் சத்தம், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிற நாம், சாவி எத்தனை இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகுதான் கேட்கிறோம். “ரெண்டாவது தாக்கோல் வீட்டில கிடக்கு, பொறவு தாரேன்” என்று விற்பவரோ இடையில் நிற்கும் புரோக்கரோ சொல்வார். அந்தச் சாவி பிறகு வருவது அபூர்வம். சில வேளைகளில் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் சாவி வண்டியின் முதல் உரிமையாளரோடு துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போயிருக்கும். இப்படி ஒற்றைச் சாவியோடு வந்த வண்டிக்கு இன்னொரு சாவி செய்துகொள்வது எப்படி, அதற்கு ஏன் இவ்வளவு செலவும் காத்திருப்பும் ஆகிறது, செய்து வாங்கிய சாவி உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பவற்றை, இதைப் பற்றி முன்பின் தெரியாதவருக்கும் விளங்கும்படி இங்கே சொல்கிறேன்.

கார் சாவி பார்வைக்கு ஒரே பொருள்தான் என்றாலும் அதற்குள் மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. பூட்டுக்குள் நுழையும் உலோகத் தண்டு கதவையும் இக்னிஷன் பூட்டையும் திருப்புகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தலைக்குள் மறைந்திருக்கும் சிப், ‘இது இந்த வண்டியின் சாவிதான்’ என்று இன்ஜினுக்குச் சாட்சி சொல்கிறது. பட்டன் உள்ள சாவியாக இருந்தால், மூன்றாவதாக ஒரு ரிமோட், தூரத்திலிருந்து கதவைப் பூட்டவும் திறக்கவும் செய்கிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ரிமோட்டின் செல் தீர்ந்துபோனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். தண்டு பொருந்திக் கதவு திறந்தாலும், சிப் இல்லையென்றால் வண்டி ஓடாது. இரண்டாவது சாவி செய்யப் போய் ஏமாறுகிறவர்களில் மிகப் பலர் இந்த ஒன்றை அறியாததால்தான் ஏமாறுகிறார்கள். தெருமுனைக் கடையில் சில நூறு ரூபாய்க்கு வெட்டித் தரும் சாவி கதவை அழகாகத் திறக்கும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

சிப் எப்படி வேலை செய்கிறது

சிப் என்று நாம் சொல்வது ஓர் அரிசி மணியளவு கண்ணாடிக் குழாயாகவோ, சிறிய கறுப்பு ஆப்பு வடிவத் துண்டாகவோ இருக்கும். சில சாவிகளில் ரிமோட்டின் பலகையிலேயே சேர்ந்திருக்கும். அதற்கு பாட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு வளையச் சுருள் பொருத்தப்பட்டிருக்கிறது. சாவியை நுழைத்துத் திருப்பியவுடன் அந்தச் சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்திலிருந்தே தனக்குத் தேவையான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சிப் விழித்து, தன்னுடைய அடையாளத்தைத் திருப்பி அனுப்புகிறது. பழைய வகைச் சிப்கள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். பிந்தைய வகைகளில் வண்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கொடுத்து, அதற்கு ரகசியக் கணக்கின்படி சரியான விடையைச் சிப்பிடமிருந்து எதிர்பார்க்கும். விடை சரியாக இருந்தால் மட்டுமே இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி தொடர்ந்து எரிபொருள் தெளிக்க அனுமதிக்கும். இந்த முழு ஏற்பாட்டுக்கும்தான் இம்மொபிலைசர் என்று பெயர்.

கார்த் திருட்டைத் தடுப்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் ஒரு நெறிமுறையை வகுத்து, 1998 அக்டோபர் முதல் விற்கும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டுக் கார்களிலும் 2000-களில் இது பரவலாயிற்று. மாருதி நிறுவனம் தன்னுடைய ஏற்பாட்டை ‘ஐகேட்ஸ்’ என்று அழைத்தது. ஆகவே பழைய ஆம்னியோ அம்பாசிடரோ வைத்திருப்பவருக்கு வெறும் உலோகச் சாவியே போதும் என்றாலும், இன்று பழைய கார்ச் சந்தையில் கைமாறும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிப் இல்லாத சாவியால் பயனில்லை.

உங்கள் வண்டி எந்த வகை என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சாவியைத் திருப்பியவுடன் மீட்டரில் சாவி வடிவத்திலோ பூட்டு வடிவத்திலோ ஒரு சிறு விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைந்தால் இம்மொபிலைசர் இருக்கிறது என்று பொருள். அப்படி விளக்கு தெரியாவிட்டால், சமையலறையில் உணவு பொதியப் பயன்படும் அலுமினியத் தாளை எடுத்துச் சாவியின் தலைப்பகுதியை மட்டும் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அலுமினியம் சிப்புக்குச் செல்லும் புலத்தை மறைத்துவிடும் என்பதால், சிப் தேவைப்படும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகி ஓரிரு நொடிகளில் நின்றுவிடும். தாளைப் பிரித்ததும் பழையபடி ஓடும். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் இந்தச் சோதனைக்கே வேலையில்லை. அவை அனைத்திலும் சிப் உண்டு.

இங்கே ஒரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவிக் கடைக்காரர்கள் அடிக்கடி சந்திப்பது இது. சாவியின் பிளாஸ்டிக் உறை தேய்ந்து விரிந்துபோனதும், பார்க்க அழகான மடக்குச் சாவி உறையை வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடுகிறார்கள். தண்டு மாறிவிடும், ரிமோட் பலகை மாறிவிடும், ஆனால் பழைய உறையின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துண்டை யாரும் கவனிப்பதில்லை. வடசேரிப் பக்கத்தில் ஒரு கடையில் இளைஞர் ஒருவர், “அண்ணாச்சி, கதவு திறக்குது, வண்டி மட்டும் எடுக்க மாட்டேங்குது” என்று பளபளக்கும் புதுச் சாவியை நீட்டியபோது, கடைக்காரப் பெரியவர் சாவியைக் கையில் வாங்கக்கூட இல்லை. “பழைய கூட்டை எங்க போட்ட மக்களே? குப்பையில போட்டிருந்தா இப்பவே போய் எடு” என்றார். அந்தத் தம்பி உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். நல்ல வேளையாக அன்று குப்பை வண்டி வந்திருக்கவில்லை. இருக்கிற ஒரே சிப்பும் தொலைந்திருந்தால், சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை வேறு வகையாக மாறியிருக்கும்.

தண்டை வெட்டுவதில் இருக்கும் நுணுக்கம்

உலோகத் தண்டு எளிய பகுதிதான், ஆனாலும் பழைய வண்டிக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகள் பயன்படுத்திய சாவியின் பற்கள் தேய்ந்திருக்கும். அதை எந்திரத்தில் வைத்து அப்படியே பிரதி எடுத்தால், தேய்மானத்தையும் சேர்த்தே பிரதி எடுக்கிறோம். முதல் சாவியே சற்று ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியதாக இருந்தால், பிரதி அதைவிட மோசமாக இருக்கும். இதற்கு மாற்று, தொழிற்சாலையில் அந்தப் பூட்டுக்கு ஒதுக்கிய சாவி எண்ணைக் கொண்டு வெட்டுவது. புதிய கார் வாங்கும்போது சாவிக்கொத்தோடு ஒரு சிறு உலோகத் தகட்டில் அந்த எண்ணைப் பொறித்துக் கொடுப்பார்கள். பழைய வண்டியில் அந்தத் தகடு கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்; கிடைக்காவிட்டால், வண்டியின் 17 எழுத்து எண்கள் கொண்ட சேசிஸ் எண்ணை வைத்து அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் வழியாக நிறுவனத்தின் பதிவிலிருந்து பெற முடியும். முன்பிருந்தவர் எப்போதாவது கதவுப் பூட்டை மாற்றியிருந்தால், நிறுவனம் தரும் எண் அந்தக் கதவுக்குப் பொருந்தாது. கதவுக்கு ஒரு சாவியும் இக்னிஷனுக்கு வேறொரு சாவியும் கொடுக்கப்பட்டிருந்தால் பூட்டு மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தண்டின் இரு பக்கங்களிலும் பாம்பு நெளிவது போன்ற பள்ளம் ஓடும் சாவிகளுக்குத் தனி எந்திரம் வேண்டும். சாதாரணச் சாவிக்கடையில் அது இருக்காது.

பதிவு செய்வதும் நகல் எடுப்பதும்

சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போகிறவரிடம் கடைக்காரரும் பொறுப்போடு பேசுவார்.

முதல் வழி, பதிவு செய்வது; கடைகளில் இதைப் புரோகிராமிங் என்றோ கோடிங் என்றோ சொல்வார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓ.பி.டி. இணைப்பில் ஒரு கருவியைச் செருகி, பெரும்பாலான வண்டிகளில் நான்கு அல்லது ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கொடுத்து, புதிய சிப்பின் அடையாளத்தை இம்மொபிலைசரின் நினைவகத்தில் சேர்க்கிறார்கள். புதிய சாவிக்கு அதற்கென்று ஒரு தனி அடையாளம் கிடைக்கிறது. இரண்டாவது வழி, நகல் எடுப்பது. கையிலிருக்கும் சாவியின் சிப்பைக் கருவியில் படித்து, அதே அடையாளத்தை வேறொரு வெற்றுச் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். வண்டியின் கணினியைத் தொடவே வேண்டாம். வண்டிக்கு இரண்டு சாவிகளும் ஒன்றாகவே தெரியும். இது விரைவானது, செலவும் குறைவு. பழைய ஒற்றை எண் சிப்களுக்கு இது எளிது. ரகசியக் கணக்கு உள்ளவற்றில் சில வகைகளுக்கு மட்டுமே இயலும். பலரும் நம்பியிருந்த அத்தகைய ஒரு சிப்பின் ரகசியத்தை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிய பிறகு, நிறுவனங்கள் மேலும் கடினமான வகைகளுக்கு மாறின.

பழைய கார் வாங்கியவர் முடிந்தவரை முதல் வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் வாங்கிய வண்டியின் நினைவகத்தில் ஏற்கெனவே எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன, அவை யார் யார் கையில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது. விற்றவரின் வீட்டிலோ, அவருக்கு முன் வைத்திருந்தவரின் வீட்டிலோ கிடக்கும் அந்த இரண்டாவது சாவி, இன்றும் உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யும். நகல் எடுத்தால் இந்த நிலைமை அப்படியே நீடிக்கும். பதிவு செய்யும்போது, காணாமல்போன சாவிகளை நினைவகத்திலிருந்து அழித்துவிட்டு, நம் கையில் இருப்பவற்றை மட்டும் புதிதாகச் சேர்க்கச் சொல்லலாம். பல வண்டிகளில் பதிவான சாவிகளின் எண்ணிக்கையைக் கருவி திரையிலேயே காட்டும். வேலைக்கு முன்பும் பின்பும் அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அழிக்கப்பட்ட சாவி அதற்குப் பிறகும் கதவைத் திறக்கும், ஏனென்றால் தண்டு மாறவில்லை. ஆனால் இன்ஜினை எடுக்க அதனால் முடியாது.

இந்தக் காரணத்தாலேயே, பதிவு செய்யப் போகும்போது கையிலிருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும். சில நிறுவனங்களின் வண்டிகளில் புதிய சாவியைச் சேர்க்கத் தொடங்கியவுடன் பழைய பதிவுகள் அனைத்தும் அழிந்துவிடும். வீட்டில் விட்டுவந்த நல்ல சாவியும் அந்த நிமிடத்தோடு செயலிழந்துவிடும். வண்டியின் பாட்டரியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்னழுத்தம் விழுந்தால் கட்டுப்பாட்டுக் கணினியே பழுதாகலாம் என்பதால், அனுபவமுள்ளவர்கள் சார்ஜரை இணைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். ஆக்கர் கடையில், அதாவது பழைய பொருள் கடையில், மலிவாகக் கிடைக்கிறது என்று இன்னொரு வண்டியின் பழைய சாவியை வாங்கிப் போக வேண்டாம். பல வகைச் சிப்கள் ஒருமுறை ஒரு வண்டியோடு இணைந்தால் பூட்டிக்கொண்டுவிடும், வேறு வண்டிக்கு ஏற்காது.

எங்கே செய்வது, என்னென்ன கொண்டுபோவது

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் செய்தால் நிறுவனத்திலிருந்து சாவி வர நாளாகும், விலையும் கூடுதல். ஆனால் தண்டு எண்ணின்படி வெட்டப்பட்டதாக இருக்கும், முறையான ரசீதும் கிடைக்கும். சில வகை வண்டிகளுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இல்லாமல் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியிருக்கும். கருவியும் எந்திரமும் வைத்துத் தொழில் தெரிந்து செய்யும் தனியார் சாவிக்காரர்கள் அதைவிடக் குறைந்த செலவில், பல நேரம் அன்றைக்கே செய்து தருகிறார்கள். அவர்களிடம் செய்வதில் தவறேதும் இல்லை. ஆனால் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்காமல் வேலையைத் தொடங்குகிற கடையிலிருந்து திரும்பி வந்துவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர், உங்கள் வண்டியைத் திருட வருகிறவரிடமும் கேட்க மாட்டார்.

சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பார்கள். இங்கேதான் நம் மாவட்டத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்பதால், கே.எல். 19, கே.எல். 20, கே.எல். 01 எண் பலகையோடு வாங்கிய வண்டிகள் இங்கே நிறைய ஓடுகின்றன. தடையில்லாச் சான்று வாங்கி நாகர்கோவிலின் டி.என். 74க்கோ மார்த்தாண்டத்தின் டி.என். 75க்கோ மாற்றும் வேலையை நாளை, மறுநாள் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். வண்டி வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் மாறும் வரை, விற்றவரின் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். வண்டியை விற்று மாதங்கள் ஆனவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது எளிதல்ல. ஆகையால் முதலில் பெயர் மாற்றம், அதைத் தொடர்ந்து சாவி என்ற வரிசை நல்லது.

விற்பனை உடன்படிக்கை எழுதும்போது, எத்தனை சாவிகள் ஒப்படைக்கப்பட்டன என்பதையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும்; ஒன்று மட்டும் கொடுத்தால், மற்றொன்றை வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்ற கேள்வி வரும். ஒரே சாவியோடுதான் வாங்கினேன் என்பதற்கு அந்த வரியும், இரண்டாவதை இன்ன தேதியில் செய்தேன் என்பதற்குச் சாவியின் ரசீதும் ஆதாரமாக நிற்கும்.

சாவியை வாங்கும் முன் சோதிப்பது

புதிய சாவியைக் கடையிலேயே சோதிக்கும்போது பழைய சாவியை அதே வளையத்தில் மாட்டிவைத்துச் சோதிக்கக் கூடாது. பழைய சாவியின் சிப் இக்னிஷனுக்கு அருகில் தொங்கினால், சுருள் அதைப் படித்துவிட்டு வண்டியை எடுத்துவிடலாம். புதிய சாவியில் சிப்பே இல்லாவிட்டாலும் வேலை செய்வதாகத் தோன்றும். பழைய சாவியைச் சில மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, புதியதைக் கொண்டு ஓட்டுநர் கதவு, டிக்கி, வெளியே பூட்டு இருந்தால் பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் கையால் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தாலோ, சாவி விளக்கு விடாமல் மின்னினாலோ சிப் பதிவாகவில்லை. பிறகு வண்டியை அணைத்து, பூட்டி, மீண்டும் ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால், ரிமோட்டின் செல்லைக் கழற்றிவிட்டு அதைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தோ, கையேட்டில் சொன்ன இடத்தில் வைத்தோ வண்டி எடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். செல் தீர்ந்த நாளில் அந்த வழிதான் கைகொடுக்கும்.

வண்டியை முன்பு வைத்திருந்தவர் தனியாகப் பொருத்திய சென்ட்ரல் லாக் ரிமோட்டும், கியர் லாக்கும் இருந்தால் அவை இம்மொபிலைசரோடு தொடர்பில்லாதவை. அவற்றுக்கும் தனியாக இரண்டாவது ரிமோட்டும் சாவியும் வேண்டும். கியர் லாக்கின் ஒரே சாவியைத் தொலைத்தவர், வண்டிச் சாவி இரண்டு வைத்திருந்தும் நகர முடியாது.

இருக்கிற ஒரே சாவியும் தொலைந்துவிட்டால் வேலை இதே வேலைதான், ஆனால் ஒவ்வொரு படியும் கடினமாகிவிடும். முட்டம் கடற்கரையிலோ திற்பரப்பு அருவியிலோ பையிலிருந்து சாவி நழுவியிருந்தால், படித்து நகலெடுக்கச் சிப் இல்லை, பிரதி எடுக்கத் தண்டு இல்லை. பூட்டைக் கழற்றியோ எண்ணைத் தேடியோ தண்டை வெட்ட வேண்டும். வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கலாம். சில வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கணினியையே கழற்றி மேசைமேல் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும். காவல் நிலையத்தில் மனு கொடுத்ததற்கான ரசீதையும் பல இடங்களில் கேட்பார்கள். சீட் கவருக்கும் ஸ்பீக்கருக்கும் முன்பாக, வண்டி வாங்கிய முதல் மாதத்திலேயே இரண்டாவது சாவிக்குச் செலவழிக்கச் சொல்வது இதனால்தான்.

செய்து வாங்கிய சாவியை வண்டிக்குள் எங்கும் ஒளித்துவைக்காமல் வீட்டில் வையுங்கள். பட்டன் உள்ளதாக இருந்தால் உப்புக் காற்று ரிமோட் பலகையின் செம்புத் தடங்களை மெல்ல அரிக்கும் என்பதால், கடலோர ஊர்க்காரர்கள் அதை மூடியுள்ள டப்பாவிலோ ஜிப் பையிலோ இட்டுவைப்பது நல்லது. மாதம் ஒருமுறை அந்தச் சாவியைக் கொண்டே வண்டியை எடுத்துப் பாருங்கள். குடும்பத்தோடு சொத்தவிளைக்கோ சங்குத்துறைக்கோ போகும்போது ஒன்றை நீங்களும் மற்றொன்றை உடன் வருபவரும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டிக் கொண்டுபோனால், இரண்டும் சேர்ந்தே தொலையும்.